நிறைந்த தொட்டி, நனைந்த தரை

“கொட்டினது மூணு லிட்டர். குறைஞ்சது ஒரு சொட்டு கூட இல்ல. இதுக்கு நீங்க பதில் சொல்லுங்க டீச்சர். நான் ஸ்பேனரைக் கீழ வச்சிட்டு வீட்டுக்குப் போறேன்.”

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் அடியிலிருந்து முதலில் மெக்கானிக்கின் குரல் வந்தது. பிறகுதான் மெக்கானிக் வந்தார். மூன்று நாளாக அந்த வண்டிக்கு அடியில்தான் குடித்தனம். ஒரு குழாய் விடாமல் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்திருந்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

டீச்சர் குனிந்து தரையைப் பார்த்தார். வண்டியின் இடப்பக்கம், ஒரு தாம்பாள அகலத்துக்குக் கறுத்த கறை. மரத்தூள் தூவி அள்ளிய பிறகும், சிமென்ட் தான் குடித்ததைத் திருப்பித் தரவில்லை.

“தொட்டியில அளவு என்ன?”

“அதான் கூத்து. மேல் கோட்டையும் தாண்டி நிக்குது. வெளிய போனா உள்ள குறையணும்ல? இது வெளியயும் கிடக்கு, உள்ளயும் கூடியிருக்கு.”

“எங்க வீட்டு எண்ணெய் டின்னுக்கு இந்த வியாதி வந்தா தேவலாம்” என்றான் கம்பு.

கம்பு டீச்சரின் உதவியாளன். ஆறடி உயரம், அரையடி அகலம். ஒட்டடைக்கம்பு என்று யாரோ வைத்த பேர் தேய்ந்து கம்பு ஆகிவிட்டது. டீச்சர் இருபத்திரண்டு வருடம் தொழிற்பயிற்சிப் பள்ளியில் இயந்திரம் சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, இயந்திரத்தின் தலையில் மனிதர்கள் கட்டும் பழிகளைத் துப்பறிகிறார்.

இரண்டடி தள்ளி, கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் அவர்களைக் கூட்டி வந்த பெண் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, இந்தக் கிடங்கின் ஏழாவது வரிசையில் கழுத்து முறிந்து கிடந்த, சரக்குக் கணக்குச் சரிபார்க்கும் செக்கரின் மனைவி. அவள் அழுது முடித்திருந்தாள். இப்போது அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தம்பி. அவன்தான் இந்த வண்டியின் டிரைவர். அவனைக் கைது செய்யப் போலீஸ் நான்கு மணிக்கு வருகிறது. மணி இப்போது இரண்டரை.

கம்பெனி முதலில் சொன்ன கதை வேறு. செக்கர் திங்கள் ராத்திரி குடித்துவிட்டு உள்ளேயே படுத்தார், சரக்கு அடுக்கும் ரேக்கில் ஏறினார், விழுந்தார்; வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வண்டிக்கு அடியில் எண்ணெய்க் குட்டை தெரிந்ததும் கதை மாறியது. டிரைவர் ஐந்து நாற்பதுக்கே உள்ளே வந்தான், அக்கா புருஷனைப் பலகையில் நிற்க வைத்து மேலே தூக்கினான், எண்ணெய் கசிந்து வண்டியின் தூக்கும் தூண் சரிந்தது, ஆள் விழுந்தார். கசிவைப் பார்க்காமலே எல்லாம் சரி என்று காலைப் பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவனும் அவனே.

“என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார்” என்றாள் அவள். “தம்பி வண்டியைப் பாக்காம எடுக்க மாட்டான். இந்த ரெண்டும் எனக்குத் தெரியும். மிச்சத்தை நீங்க கண்டுபிடிங்க.”

“முதல்ல அந்தத் தாளைப் பாப்போம்” என்றார் டீச்சர்.

*

பாதுகாப்பு அதிகாரியை எல்லோரும் சேஃப்டி சார் என்றே கூப்பிட்டார்கள். மஞ்சள் கோட்டில் ஒரு கறை இல்லை. மேஜையில் ஒரு தூசி இல்லை. பின்சுவரில் பெரிய எழுத்தில் ‘உன் குடும்பம் உனக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு பலகை.

“பத்து கேள்வி. பத்துக்கும் டிக்” என்று தாளை நீட்டினார். “டயர், பிரேக், ஹாரன், விளக்கு, சங்கிலி, ஹைட்ராலிக் எண்ணெய்... எதையும் பார்க்காம டிக் போட்டிருக்கான். நான் தலைபாடா அடிச்சிக்கிறேன் மேடம். வாரா வாரம் வகுப்பு எடுக்கிறேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?”

டீச்சர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “கையெழுத்து நீல மை. டிக் எல்லாம் கறுப்பு மை.”

“ரெண்டு பேனா வச்சிருப்பான்.”

“ரெண்டு பேனாவா?” என்றான் கம்பு. “இந்தக் கிடங்குல ஒரு பேனாவையே கயித்துல கட்டித் தொங்க விட்டிருக்கீங்களே சார்.”

சேஃப்டி சார் சிரித்தார். பல்லும் சுத்தமாகவே இருந்தது.

டிரைவர் உடை மாற்றும் அறையில் இருந்தான். இருபத்தாறு வயது. டீச்சர் தாளைக் காட்டியதும் அவன் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

“கையெழுத்து என்னுதுதான் டீச்சர். ஆனா அன்னைக்குப் போட்டது இல்ல. திங்கக்கிழமையே வாரத்துக்கான ஆறு தாள்லயும் மொத்தமா போட்டுடுவோம். எல்லாருமே அப்படித்தான். காலையில நேரம் மிச்சமாகும்னு சார்தான் வழக்கமாக்கினார். டிக்கை அப்புறம் யாராவது போடுவாங்க.”

“ஜோசியக்காரன் தோத்தான்” என்றான் கம்பு. “சனிக்கிழமை பிரேக் பிடிக்கும்னு திங்கக்கிழமையே கையெழுத்து!”

“கடைசியா மாமாவ எப்பப் பார்த்த?” என்று கேட்டார் டீச்சர்.

“திங்கக்கிழமை சாயங்காலம். ஷிப்ட் முடியறப்ப.” அவன் ஹெல்மெட்டின் வாரை இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். “அப்புறம் நான் வீட்டுக்குப் போயிட்டேன்.”

*

மீண்டும் வண்டி. டீச்சர் எண்ணெய்த் தொட்டியின் மூடிக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனார். நல்ல இயந்திரத்தைக் கண்டால் அவர் முகத்தில் வரும் வெளிச்சம் வந்தது.

“இங்க வா கம்பு. இந்த மூடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கு பார். தொட்டி மூச்சு விடற மூக்கு அது. எண்ணெய் எங்க படிஞ்சிருக்கு?”

“மூக்கைச் சுத்தி. சளி பிடிச்ச மாதிரி.”

“ஊத்தறப்ப சிந்தினா எங்க படியும்?”

“வாயைச் சுத்தி. மூடிக்கு அடியில.”

“அங்க காஞ்சு கிடக்கு. அப்ப மூடியை இறுக்கி மூடினதுக்கு அப்புறம், உள்ளேயிருந்து மூக்கு வழியா வெளிய வந்த எண்ணெய் இது. கசியல. பொங்கியிருக்கு.”

மெக்கானிக் நெற்றியைச் சொறிந்தார். “நின்ன வண்டியில எப்படி டீச்சர் பொங்கும்?”

“தூக்கியை மேல ஏத்துங்க. முழு உயரம்.”

ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்னால் நிற்கும் இரட்டைத் தூண்தான் தூக்கி. அதில் பொருந்திய இரண்டு இரும்புக் கைகள், ஒரு மரப்பலகையைத் தாங்கிக்கொண்டு ஐந்து மீட்டர் உயரம் போயின. டீச்சர் தொட்டியிலிருந்து அளவுக் கம்பியை உருவினார்.

“உன்னை மாதிரியே ஒல்லி. ஆனா இது பொய் சொல்லாது. படி.”

“கீழ் கோட்டுக்குப் பக்கத்துல நிக்குது” என்றான் கம்பு. “ஏங்க, இப்பத்தானே மேல் கோட்டுக்கு மேல இருந்துச்சு?”

“குடத்துத் தண்ணியை ஏழு சொம்பு மொண்டு பரண்ல வச்சா குடம் குறையுமா, குறையாதா? ஆனா தண்ணி வீட்டை விட்டுப் போகல. தூக்கியை மேல தள்றது எண்ணெய். ஏழு லிட்டர் எண்ணெய் தொட்டியை விட்டுத் தூணுக்குள்ள ஏறி நின்னுதான் அந்தக் கைகளைத் தாங்குது. இறக்கினா அந்த ஏழும் தொட்டிக்குத் திரும்பிடும். அதனால, அளவு பாக்கறதுக்கு முன்னாடி தூக்கியை இறக்கணும். இது முதல் பாடம்.”

மெக்கானிக்கின் வாய் மெல்லத் திறந்தது. “அப்ப... தூக்கி மேல இருக்கறப்ப எவனோ கம்பியைப் பார்த்திருக்கான்.”

“குறைச்சலா இருக்குன்னு ஊத்தியிருக்கான். மூடியை மூடிட்டு, அப்புறம் தூக்கியை இறக்கியிருக்கான். ஏழு லிட்டர் வீடு திரும்பிச்சு. வீட்டுல புது ஆளு உக்காந்திருந்தான்.”

“இடப் பிரச்சினை” என்றான் கம்பு. அவன் ஏற்கெனவே குப்பைத் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டிருந்தான். ஐந்து லிட்டர் கேன் ஒன்றோடு வெளியே வந்தான். காலி. “எனக்குத் தோணலையே” என்று மெக்கானிக் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். “தோணாது டீச்சர். இந்தத் தப்பைச் செய்ய ஒருத்தனும் இங்க இல்லையே. நேத்து சேர்ந்தவன் கூட முதல்ல இறக்குவான்.”

“வண்டியோட பழகினவன் செய்ய மாட்டான். பழகாதவன்?” டீச்சர் தலைக்கு மேலே நின்ற பலகையைப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமை விடிகாலை தூக்கி மேல இருந்திருக்கு. வேலை முடிஞ்ச கிடங்குல, பலகையோட, அவ்வளவு உயரத்துல அது ஏன் நிக்கணும்?”

மெக்கானிக் பெட்டியில் உட்கார்ந்திருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“சொல்லுங்கண்ணே” என்றாள் அவள். “எனக்கு இனி என்ன பயம்?”

“உப்பரிகை” என்றார் மெக்கானிக், தொண்டையைச் செருமிக்கொண்டு. “நாங்க வச்ச பேரும்மா. லேட்டா வந்தவன், எதிர்த்துப் பேசினவன், எல்லாரையும் சார் பலகையில ஏத்தி மேல நிறுத்திடுவார். போனெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சிடுவாங்க, யாரையும் கூப்பிடவும் முடியாது. ‘மேல நின்னு யோசி, புத்தி வரும்’பார். பத்து நிமிஷம், அரை மணி. கீழ நாங்க சிரிப்போம். சிரிக்கலன்னா நாளைக்கு நம்மள ஏத்துவாரேன்னு சிரிப்போம். திங்கக்கிழமை வகுப்புல செக்கர் ஒரு வார்த்தை கேட்டுட்டார். ‘எங்களுக்கு இவ்வளவு சொல்றீங்களே சார், நீங்க ஒரு தடவை ஆயில் பார்த்துக் காட்டுங்களேன்’னார். நாப்பது பேர் சிரிச்சாங்க.”

“காட்டினாரா?”

“வேலை இருக்குன்னு போயிட்டார்.”

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். “தூக்கி அப்படியே மேல இருக்கட்டும். வண்டியை அணைச்சிட்டு, ஒரு புது கேனைப் பக்கத்துல வைங்க. இனிமே நீங்க வாயைத் திறக்கக் கூடாது.”

“கம்புக்கும் சேர்த்துத்தானே?” என்று மெக்கானிக் கேட்டார்.

“அது நடக்காத காரியம்.”

*

போலீஸ் அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். களைத்த மனிதர், சிறிய நோட்டுப் புத்தகம். டிரைவரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். சேஃப்டி சார் கோட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

“ஒரே ஒரு சந்தேகம்” என்றார் டீச்சர் அதிகாரியிடம். “பரிசோதனை பண்ணலைன்னு எழுதப் போறீங்க. பரிசோதனைன்னா என்னன்னு நீங்க பாத்ததுண்டா?”

“எனக்கு மோட்டார் சைக்கிளே சரியா வராதும்மா.”

“சாரே காட்டட்டும். நாப்பது பேருக்குப் பாடம் எடுக்கிறவர்.”

சேஃப்டி சார் ஒரு கணம் தயங்கினார். அதிகாரி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். தயக்கம் போய்விட்டது, பார்க்க ஆள் இருந்தால் அவருக்கு உற்சாகம் வரும் போலிருந்தது. டயரை உதைத்தார். ஹாரனை அழுத்தினார். விளக்கைத் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொன்மொழி சொன்னார். பிறகு தொட்டி மூடியைத் திருகி, அளவுக் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எல்லாம் புத்தகத்தில் இருக்கும் படம் மாதிரியே இருந்தது. ஒரு தடவைகூட அவர் மேலே பார்க்கவில்லை.

“பாத்தீங்களா?” என்று கம்பியை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார். “குறைச்சல்! மூணு நாள் ஆச்சு, இப்பவும் ஒருத்தனும் கவனிக்கல. இப்ப நான் என்ன செய்யணும்? டாப்-அப்.”

குனிந்து கேனை எடுத்தார். மூடியைத் திறந்தார். சாய்த்தார்.

மெக்கானிக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் விரலிடுக்கில் ஒரு சத்தம் வந்தது.

“நிறுத்தாதீங்க சார்” என்றார் டீச்சர் மென்மையாக. “அன்னைக்கு ஊத்தின அளவே ஊத்துங்க. அஞ்சு லிட்டர்.”

கேன் அந்தரத்தில் நின்றது.

டீச்சர் அதிகாரிக்கு எல்லாவற்றையும் விளக்கினார். குடம், சொம்பு, பரண். அதிகாரிக்கு விளங்கியது என்று நிச்சயமான பிறகே அடுத்ததற்குப் போனார். கடைசியில் மெக்கானிக் தூக்கியை இறக்கினார். பலகை இறங்க இறங்கத் தொட்டி மூடியின் ஓட்டைகளில் எண்ணெய் குமிழியிட்டது, வழிந்தது, பழைய கறையின் மேலேயே, பழைய வடிவத்திலேயே சொட்டியது. எல்லோரும் அந்தக் குட்டை வளர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பத்துப் பெட்டியில ஒன்பதுல பொய் டிக் போட்டீங்க. அதெல்லாம் உங்களக் காட்டிக் குடுக்கல” என்றார் டீச்சர். “எண்ணெய் குறைச்சலா இருந்தா பராமரிப்பு சரியில்லைன்னு உங்க மேல வருமோன்னு பயந்து, அந்த ஒரு பெட்டியை மட்டும் நிஜமாவே சரி பண்ணப் பாத்தீங்க. உங்க வாழ்க்கையில செஞ்ச ஒரே பரிசோதனை அது.”

அக்காக்காரி எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளில் முதல் முறையாக அவள் முகம் தளர்ந்தது. “நான்தான் சொன்னேனே” என்றாள். “என் தம்பி இல்லைன்னு.”

கம்புவால் சும்மா இருக்க முடியவில்லை. “எனக்கு ஒண்ணுதான் புரியல. தூக்கியை இறக்க லீவரைத் தள்ளினா போதும், அதுவா இறங்கும். சரி. ஆனா இந்தச் சந்துல, ஒரு முழு ஆளை நிக்க வச்சு, ஆடாம அஞ்சு மீட்டர் தூக்கறது? எண்ணெயே பாக்கத் தெரியாதவருக்கு அது எப்படி...”

பாதியில் நிறுத்திவிட்டான். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். அந்தக் கேள்வி அவருக்கும் மதியமே வந்திருந்தது.

சேஃப்டி சார் கேனைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“நல்ல கேள்வி” என்றார். “என்னால முடியாது. எனக்கு வண்டி ஓட்டவே வராது. லீவரைப் பிடிச்சது யார் கைன்னு, இப்ப நீங்க பிடிச்சிட்டிருக்கீங்களே, அந்தக் கையைக் கேளுங்கம்மா.”

அவள் தன் கைக்குள் இருந்த கையைப் பார்த்தாள்.

“சார் ஏத்தச் சொன்னார்க்கா” என்றான் தம்பி. “சொன்னா ஏத்தணும். எல்லாரையும் நான்தான் ஏத்துவேன். மாமாவும் சிரிச்சுட்டேதான் நின்னார். ‘பாத்துடா மாப்ள, உங்கக்காகிட்ட சொல்லிடாத’ன்னார். பத்து நிமிஷத்துல ஆள வச்சு இறக்கிடறேன், சாவியக் குடுத்துட்டுப் போன்னார் சார். நான் குடுத்துட்டேன்.”

“மறந்துட்டேன்” என்றார் சேஃப்டி சார். தாமதமாக வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். “ஒரு போன் வந்தது. அப்படியே கிளம்பிட்டேன். விடிகாலையில ஞாபகம் வந்து ஓடி வந்தேன். அதுக்குள்ள அவராவே ரேக் வழியா இறங்கப் பாத்து விழுந்து கிடந்தார்.”

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“ஒன்பது மணிக்கு உனக்கு போன் பண்ணினேன்” என்றாள் தம்பியிடம். “மாமா இன்னும் வரலடான்னு சொன்னேன்.”

“சார் இறக்கிவிட்டிருப்பார்னு நினைச்சேன்க்கா. சத்தியமா.”

“ஒரு நடை வந்து பாக்கணும்னு தோணலையா?”

“வந்து கேட்டா அடுத்து என்னைய ஏத்துவார்க்கா.”

“நீ என்ன சொன்ன எங்கிட்ட?”

அவன் போலீஸ் அதிகாரியைப் பார்த்தான்.

“சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

“வந்துடுவார், நீ தூங்குக்கான்னு சொன்னேன்.”

“தூங்கினேன்” என்றாள் அவள். “நீ சொன்னியேன்னு நல்லாத் தூங்கினேன்டா.”

கையை விட்டாள். உதறவில்லை, ஒரு பாத்திரத்தை அலமாரியில் வைப்பது போல அவன் கையை அவன் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு டீச்சரிடம் வந்தாள்.

“எழுதிக் குடுங்க டீச்சர். ஒண்ணையும் விடாம எழுதுங்க. இவனையும் சேர்த்து.”

“யோசிச்சுச் சொல்லும்மா. உனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்.”

“ராத்திரி பூரா மேல ஒருத்தர் நின்னாரே, அவருக்கு யார் இருந்தா?”

டீச்சர் பேனாவைத் திறந்தார். கம்பு முதுகை வளைத்துக் கொடுத்தான். அதன் மேல் தாளை வைத்து எழுதினார். கம்பு ஒரு வார்த்தை பேசவில்லை. போலீஸ் அதிகாரி கேட்டபோது டீச்சர் சத்தமாகப் படித்தார்.

“திங்கள் மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில், பாதுகாப்பு அதிகாரியின் உத்தரவின்படி, டிரைவர் தன் அக்காவின் கணவரைப் பலகையில் நிறுத்தி ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றினார். சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிகாரி பலகையில் நின்றவரை இறக்காமல் கிடங்கைப் பூட்டினார். தூக்கி இரவு முழுவதும் மேலேயே இருந்தது; ஏழு லிட்டர் எண்ணெய் அதைத் தாங்கி நின்றது. தானே இறங்க முயன்றவர் விழுந்து இறந்தார். செவ்வாய் விடிகாலை அதிகாரி வந்து, தூக்கி மேலே இருக்கும்போதே அளவு பார்த்து, குறைவு என்று நினைத்து ஐந்து லிட்டர் ஊற்றினார். முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருந்த தாளில் டிக் போட்டார். பிறகு தூக்கியை இறக்கினார். தூக்கியிலிருந்த ஏழு லிட்டர் தொட்டிக்குத் திரும்பியது. கூடுதலாக ஊற்றிய ஐந்தில் இரண்டு லிட்டருக்கு மட்டுமே தொட்டியில் இடமிருந்தது. மிச்சம் மூன்று லிட்டர் மூடியின் வழியே பொங்கித் தரையில் கொட்டியது. இயந்திரத்தில் எந்தக் கசிவும் இல்லை.”